இரண்டு பூட்டு

பதினோரு வருடமாக அந்த மண்டபத்துக்கு
இரண்டு பூட்டு.
ஒன்று சிம்மாத்திரி ஆட்கள் போட்டது.
அதன் மேலேயே, அதைவிடக் கனமாக,
எங்கள் ஆட்கள் போட்டது.

காரணம் கேட்காதீர்கள்.
ஒரு காற்றாடி.
தேநீர்ச் செலவில் நாற்பது வெள்ளி.
ஒரு கல்யாணத்துக்கும் ஒரு கருமாதிக்கும்
ஒரே நாளை எழுதிக் கொடுத்துவிட்ட புத்தகம்.
ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறோம்,
எல்லாமே உண்மை.

ஆள் இல்லாத இடத்துக்கு வாலிட் குருவிகள் வந்தன.
உடைந்த சன்னல் வழியே போய்
மேடைக்கு மேலே எச்சிலால் வீடு கட்டின.
சுங்கை பாக்காப்பில் அந்த எச்சிலுக்கு நல்ல விலை.
நிபோங் திபாலிலிருந்து ஒருவன் வந்து
சன்னலில் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தான்.
மாதம் எண்ணூறு வெள்ளி வாடகை என்றான்.
யார் கையில் கொடுக்க என்று கேட்டான்.

அப்போதுதான் உறைத்தது,
எங்களிடம் அந்த ‘யார்’ இல்லை.

எனக்கு பத்து காவானில் இரவு வேலை.
ஏழேகாலுக்குத் தொழிற்சாலை பஸ் இறக்கிவிடும்,
அந்த வாசலைத் தாண்டித்தான் வீடு.
பழைய பொருளாளர் நான்.
மேல்பூட்டின் சாவி என் அஞ்சறைப் பெட்டியில்
மஞ்சள் ஏறிக் கிடந்தது.

ஒரு ஞாயிறு.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
ரொட்டி சானாய் கடையில்
தள்ளித் தள்ளி இரண்டு மேசையில் இருந்தவர்கள்
ஒரே நேரத்தில் எழுந்தார்கள், அவ்வளவுதான்.
என் சாவி உள்ளே போனது, திரும்பவில்லை.
சிம்மாத்திரி சாவி உடைந்தே போனது.

ஆ லெக் பட்டறையிலிருந்து கிரைண்டரோடு வந்தான்.
“மானா டுலு?” என்றான், எது முதலில் என்று.
அடுத்தவர் பூட்டில் கைவைக்க ஒருவரும் துணியவில்லை.
அதில் கொஞ்சம் மரியாதை இருந்தது,
கொஞ்சம் போலீஸ் பயமும்.
சிம்மாத்திரி தன் பூட்டைத் தானே அறுத்தார்.
பொறி பறந்து சிலுவாரில் ஓட்டை விழுந்தது.
அடுத்து நான்.
என் கை நடுங்கியதை மிஷின் நடுக்கம் என்று
எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

குருவி எச்சம் மூன்று வண்டி.
கிளினிக்கிலிருந்து நூர்ஹயாத்தி முகக்கவசம் கொண்டுவந்தாள்.
ஹாஷிம், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பை இழுத்து வந்தார்.
அழுக்குக்கு அடியில் நாற்பத்து மூன்று நாற்காலி.
ஒன்றின் முதுகில்,
‘உபயம்: லோரி பச்சையப்பன், 1 நாற்காலி, கால் இல்லை.’
கால் இல்லாதது நாற்காலிக்கா பச்சையப்பனுக்கா என்று
அரைமணி நேரம் பேச்சு.

இரண்டு கூட்டில் குஞ்சு இருந்தது.
அந்த மூலையை அப்படியே விட்டோம்.
கீழே ஒரு குடையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டோம்.

முதல் கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர்.
பேசப் பொருள் எதுவும் இல்லை.
கோப்பி ஓ ஆறியது.
குடையில் ஒரு சொட்டு விழுந்த சத்தம்.
அப்புறம் பின்வரிசையிலிருந்து யாரோ,
“அந்தக் காற்றாடியை யார் கொண்டுபோனது?”

அதே காற்றாடி.

அதே நாற்பது வெள்ளி. அதே புத்தகம்.
குரல் கூரையில் மோதித் திரும்பி வந்தது.
இத்தனை வருடம் இந்தச் சண்டை
கேட்டோரம் நின்றது, கைப்பேசியில் அலைந்தது,
சாவு வீட்டில் காதுக்குள் புகுந்தது.
இன்றுதான் அதற்கு உட்கார நாற்காலி கிடைத்தது.
நான் கத்தியதை நானே எதிரொலியில் கேட்டேன்.
கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு முடித்தோம், முடிவு ஒன்றும் இல்லை.
அடுத்த ஞாயிறு தொடரும் என்று
புதிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினேன்.
சிம்மாத்திரி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்,
தேதியைத் திருத்தி.

பூட்டு வாங்க யாரும் காசு தரவில்லை.
கொண்டியில் இப்போது
ஒரு முள்கரண்டி,
வளைத்துச் செருகியிருக்கிறது.